பெரிய திரை போன்கள்: அங்குலத்துக்குப் பணமா, பயனுக்குப் பணமா?

ஒரு காலத்தில் கையடக்கத் தொலைபேசி எவ்வளவு சிறியதோ அவ்வளவு மதிப்பு. 2003 இல் வெளிவந்த நொக்கியா 1100 வெறும் 86 கிராம் எடைதான். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் பேசினோம். இன்று நிலைமை தலைகீழ். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்பவை எல்லாம் உள்ளங்கையை விடப் பெரியவை. 6.5 அங்குலம், 6.7, 6.9 என்று இலக்கங்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

பன்விலயில் இருந்துகொண்டு வியாபார விடயங்களை எழுதுவதால், என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நானா, புதுசா வந்திருக்கிற பெரிய போன் ஒன்று எடுக்கலாமா?” கேட்பவர்களில் உயர்தரம் படிக்கும் மகளுக்காகக் கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்து மாதக் கணக்கில் காசு சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலரது வீட்டில் கணினி இல்லை. அந்தப் போன்தான் அந்த வீட்டின் கணினி, தொலைக்காட்சி, வங்கி, வகுப்பறை எல்லாமே. ஆகவே இது ஆடம்பரம் பற்றிய கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் முக்கியமான முதலீடு பற்றிய கேள்வி. இந்த வாரம் அதைக் கொஞ்சம் நிதானமாக அலசுவோம்.

திரை எப்படிப் பெரிதானது?

2007 இல் வந்த முதலாவது ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2010 ஜூலையில் நடந்த ஊடகச் சந்திப்பு ஒன்றில், கைக்குள் அடங்காத பெரிய போனை யாரும் வாங்கப் போவதில்லை என்ற கருத்தை அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் சொன்னார். அடுத்த ஆண்டே, 2011 ஒக்டோபரில், சம்சுங் நிறுவனம் கேலக்ஸி நோட்டைச் சந்தைக்கு விட்டது. திரை 5.3 அங்குலம், எடை 178 கிராம், கூடவே எழுதுவதற்கு ஒரு பேனை. “இது போனா, பலகையா?” என்று கேலி செய்தவர்கள் பலர். ஆனால் ஓராண்டுக்குள் ஒரு கோடி நோட் விற்பனையானது. 2014 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனமே 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸை வெளியிட்டது. விவாதம் அத்தோடு முடிந்தது.

இன்று பெரிய திரை என்பது பணக்காரரின் அடையாளம் கூட இல்லை. 2025 இல் வந்த ஐபோன் 17 ப்ரோ மெக்ஸ் 6.9 அங்குலம். அதே ஆண்டில் வந்த, விலையில் பல மடங்கு குறைந்த ரெட்மி 15 உம் 6.9 அங்குலம்தான்! எனவே அங்குலத்தை மட்டும் பார்த்து ஒரு போனின் தரத்தை அளக்க முடியாது. வேறு எதைப் பார்ப்பது என்பதே நமது கேள்வி.

அங்குலம் சொல்லாத கணக்கு

திரையின் அளவு மூலைக்கு மூலை அளக்கப்படுவது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய கேலக்ஸி நோட்டின் திரை 5.3 அங்குலம் என்றாலும் அதன் அகலம் ஏறத்தாழ 7.1 சென்ரிமீற்றர். இன்றைய 6.7 அங்குல போனின் திரை அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். அதாவது அகலம் கூடவே இல்லை! கூடியது உயரம் மட்டுமே. 11.4 சென்ரிமீற்றராக இருந்தது 15.5 ஆகியிருக்கிறது. மனிதனின் கை வளராததால் நிறுவனங்கள் போனை நீளவாக்கில் வளர்த்திருக்கின்றன.

இதனால் என்ன என்கிறீர்களா? வட்ஸ்அப் உரையாடல், செய்தி, பேஸ்புக் போன்றவற்றில் ஒரே பார்வையில் கூடுதல் வரிகள் தெரியும். அது நன்மை. ஆனால் வழமையான அகலத் திரைக் காணொளி ஒன்றைப் பார்க்கும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். படத்தின் உண்மையான அளவு 5.6 அங்குலம் அளவில் நின்றுவிடும். பழைய 5.5 அங்குல போனில் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மாணவர்கள் விடயத்துக்கு வருவோம். கடந்தகால வினாத்தாள்கள், ஆசிரியர் அனுப்பும் குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஏ4 தாளில் தயாரானவை. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். அதை 7 சென்ரிமீற்றர் அகலத் திரையில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளி எழுத்தாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளை விடவும் சிறிய எழுத்து! ஆனால் அதே போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் 15.5 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. எழுத்து 9 புள்ளி அளவுக்கு வந்துவிடும். அது வாசிக்கக்கூடிய அளவு. பழைய நோட்டில் இப்படித் திருப்பினாலும் 6.5 புள்ளிதான் கிடைத்தது. எனவே பெரிய திரையின் உண்மையான இலாபம் போனைப் படுக்கையாகப் பிடிக்கும்போதுதான் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

பலங்கள்

முதலாவது பலம், இடம். போன் பெரிதானால் உள்ளே பெரிய பெட்டரி வைக்க இடம் கிடைக்கிறது. 2011 இன் நோட்டில் 2500 மில்லிஅம்பியர் மணிநேரப் பெட்டரி இருந்தது. இன்று குறைந்த விலைப் பெரிய போன்களிலும் 5000 சாதாரணம். ரெட்மி 15 இல் 7000. நமது மலைப் பகுதிக்கு இது சிறிய விடயமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. பாதைகள் மூடின, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அப்படியான நாட்களில் போனில் மீதமிருக்கும் பெட்டரி, ‘நாங்கள் பத்திரமாக இருக்கிறோம்’ என்று ஒரு வரி அனுப்ப முடிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு குறிப்பு. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பெட்டரியைத் தின்றுவிடும. ஹுலுகங்கை, மடுல்கலைப் பக்கத்து மடுவங்களில் வசிப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். சிக்னல் அறவே இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் போட்டு வைத்தால் பெட்டரி மிச்சமாகும்.

இரண்டாவது பலம், முதியவர்களின் கண். எழுத்தைப் பெரிதாக்கினால் சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொற்கள்தான் நிற்கும். பெரிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கியும் வசனம் வசனமாக வாசிக்கலாம். இலக்கப் பலகையின் எழுத்துகளும் பெரிதாவதால் பெரிய விரல்களுக்கும் தட்டச்சு இலகு. தமிழ் எழுத்துப் பலகையில் இந்த வசதி இன்னும் கூடுதலாகவே தெரியும்.

மூன்றாவது பலம், வேலை. மிளகு மாதிரியைப் படம் எடுத்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பி விலை கேட்பவருக்கும், பற்றுச்சீட்டையும் கணக்குத் தாளையும் போனிலேயே பார்ப்பவருக்கும் திரையின் பெருமை விளங்கும். வங்கிச் செயலியில் கணக்கிலக்கத்தைச் சரிபார்த்து அனுப்பும்போது பெரிய எழுத்து ஒரு பாதுகாப்பும் கூட.

பலவீனங்கள்

முதலில் கை. சம்சுங் எஸ்25 அல்ட்ரா 218 கிராம், ஐபோன் 16 ப்ரோ மெக்ஸ் 227 கிராம். நொக்கியா 1100 போல இரண்டரை மடங்கு. இதற்கு மேல் உறையும் கண்ணாடியும் சேரும். வத்தேகமவிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இந்தப் போனில் பதில் அனுப்புவது சாகசம்தான். பெருவிரல் திரையின் மேல் மூலையைத் தொடாது. எட்டித் தொட முயலும் நேரத்தில்தான் போன் நழுவும்.

நழுவினால் என்ன ஆகும்? அதுதான் இரண்டாவது பலவீனம். திரை எவ்வளவு பெரியதோ, உடைவதற்கான பரப்பும் அவ்வளவு பெரியது. மாற்றும் செலவும் அப்படியே. திரைகளில் எல்சிடி, அமோலெட் என்று இரண்டு வகை பொதுவாக உண்டு. அமோலெட்டில் கறுப்பு நிறம் ஆழமாக இருக்கும், நிறங்கள் பளிச்சென்று தெரியும், கறுப்புப் பின்னணியில் மின்சாரமும் மிச்சம். ஆனால் உடைந்தால் மாற்றுவதற்கு எல்சிடியை விடக் கூடுதலாகச் செலவாகும். ஆகவே போனின் விலையைக் கேட்கும்போதே “இதன் டிஸ்பிளே மாற்ற எவ்வளவு?” என்றும் கேளுங்கள். பதில் போனின் விலையில் பாதியை நெருங்கினால் யோசியுங்கள்.

மூன்றாவது பலவீனம் பலருக்குத் தெரியாதது. திரை பெரிதானால் மட்டும் போதாது, அதிலுள்ள புள்ளிகளும் பெருக வேண்டும். குறைந்த விலைப் பெரிய போன்கள் பலவற்றில் திரை 720க்கு 1600 புள்ளிகள்தான். 6.7 அங்குலத்தில் இது ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 262 புள்ளிகளாகும். 2010 இல் வந்த ஐபோன் 4 இலேயே 326 புள்ளிகள் இருந்தன! 1080க்கு 2400 புள்ளிகள் உள்ள திரையென்றால் ஏறத்தாழ 393. காணொளி பார்ப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் சுருங்கிய வினாத்தாளை வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியும். ‘க்’ கன்னாவுக்கு மேலுள்ள புள்ளி தெரிகிறதா, மங்குகிறதா என்பது இதில்தான் இருக்கிறது. கடையில் கேட்க வேண்டிய வார்த்தை ‘புல் எச்டி’.

மடிக்கும் போன்கள்

பெரிய திரையும் வேண்டும், பைக்குள்ளும் அடங்க வேண்டும் என்ற ஆசையின் விளைவுதான் மடிக்கும் போன்கள். 2019 ஏப்ரலில் வரவிருந்த சம்சுங் கேலக்ஸி போல்ட், பரிசோதிக்கக் கொடுத்த போன்களின் திரைகள் பழுதானதால் செப்டெம்பருக்குத் தள்ளிப்போனது. அதன்பின் தொழில்நுட்பம் முன்னேறியது உண்மை. 2025 ஜூலையில் வந்த போல்ட் 7 விரித்தால் 8 அங்குலம், எடை 215 கிராம். 2024 செப்டெம்பரில் ஹுவாவி மூன்றாக மடியும் போனை வெளியிட்டது. 2025 டிசம்பரில் சம்சுங்கும் 10 அங்குலத்துக்கு விரியும் மூன்று மடிப்புப் போனைக் கொரியாவில் விற்பனைக்கு விட்டது.

பார்க்க அருமை. ஆனால் விலை ஒரு புறமிருக்க, தூசு இவற்றின் எதிரி. போல்ட் 7 தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் தரம் பெற்றது. ஆனால் நுண்ணிய தூசுக்கு எதிராக முழுப் பாதுகாப்பு அதற்கு இல்லை. மிளகு காய வைக்கும் முற்றத்துக்கும், மண் பாதைக்கும் இது ஏற்ற பொருள் அல்ல. நமது ஊருக்கு இன்னும் சில வருடங்கள் பொறுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

விலையும் வரியும்

2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அதற்கு மேல் 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் வற் வரி 18 வீதமாக்கப்பட்டதோடு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கையடக்கத் தொலைபேசிகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. 50,000 ரூபாவுக்கு 9,000 ரூபா வரி சேரும்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கூடிய சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் 42,000 ரூபா போன் ஒன்று 24 நாள் கொழுந்தாகும். ஓர் அங்குலத்தின் சிறு பகுதிக்காக இன்னும் 10,000 ரூபா கூட்டினால் மேலும் 6 நாள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் விளம்பரப் பலகை அவ்வளவு இலகுவில் மயக்காது.

தவணை முறை பற்றியும் ஒரு வார்த்தை. வட்டி என்று எழுதியிருந்தால் நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்வோம். ஆனால் ‘வட்டி இல்லை’ என்று எழுதியிருக்கும் பலகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, கையில் காசு கொடுத்தால் 60,000 ரூபா. தவணையில் மாதம் 6,200 ரூபா, 12 மாதம் என்றால் 74,400. மேலதிகம் 14,400 ரூபா. பெயர் எதுவாக இருந்தாலும் காசு உங்கள் காசு. ஒரு தவணை பிந்தினால் என்ன சேரும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டறியுங்கள்.

யாருக்கு எது?

உயர்தர, சாதாரண தர மாணவர்களுக்கு: வீட்டில் வேறு எதுவும் இல்லையென்றால் 6.6 அல்லது 6.7 அங்குல, புல் எச்டி திரை, குறைந்தது 128 ஜீபி சேமிப்பிடம், 6 ஜீபி ரெம். சேமிப்பிடம் 64 ஜீபி என்றால் அதில் கணிசமான பங்கை அன்ட்ரொய்ட் மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மீதியை வட்ஸ்அப் வகுப்புக் குழுக்கள் சில மாதங்களில் நிரப்பிவிடும். ‘4 ஜீபியுடன் மேலும் 4 ஜீபி’ என்று எழுதியிருந்தால் பின்னையது உண்மையான ரெம் அல்ல, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது.

வீட்டில் ஏற்கனவே வேலை செய்யும் போன் ஒன்று இருந்தால், இன்னொரு பெரிய போனுக்குப் பதில் 10 அங்குல டெப் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதைப் படுக்கையாகப் பிடித்தால் ஏ4 தாளின் அகலம் முழு அளவிலேயே தெரியும். போனிலிருந்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். 2020, 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் மலையகப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாம் மறக்கவில்லை. கல்விக்கான சாதனம் எது என்று அன்றே நாம் படித்த பாடம் அது.

சிறு வியாபாரிகளுக்கு: திரையை விடப் பெட்டரி, இரண்டு சிம் வசதி, மென்பொருள் பாதுகாப்பு ஆகியவை முக்கியம். வங்கிச் செயலி இருக்கும் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும். 2024 இல் வந்த சம்சுங் ஏ16 க்கு ஆறு ஆண்டுகளும், எஸ்24 முதலான உயர் ரகங்களுக்கு ஏழு ஆண்டுகளும் புதுப்பிப்புத் தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. மலிவு விலைப் போன்கள் பலவற்றுக்கு இந்தக் காலம் மிகக் குறைவு. 40,000 ரூபா போன் இரண்டு ஆண்டில் காலாவதியானால் ஆண்டுக்கு 20,000. 60,000 ரூபா போன் ஆறு ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 10,000. எது மலிவு?

முதியவர்களுக்கு: புதிய போன் வாங்கும் முன் இருக்கும் போனின் அமைப்புகளுக்குள் சென்று எழுத்தின் அளவைக் கூட்டிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும். கை நடுக்கம் உள்ளவருக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட போன் உபகாரமல்ல, உபத்திரவம்.

கடைக்குப் போகும் முன்

2025 ஜனவரி 28 க்குப் பின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெறாத புதிய போன்கள் இலங்கை வலையமைப்பில் இயங்காது என்று அந்த ஆணைக்குழு அறிவித்தது. எனவே வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த போனை ‘மலிவு’ என்று வாங்கும் முன், பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபாருங்கள். ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் விபரம் கிடைக்கும். போனில் *#06# அழுத்தினால் அதே எண் திரையில் வரவேண்டும்.

உத்தரவாதம் நிறுவனத்தின் முகவர் தருவதா, கடைக்காரர் தருவதா என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எனது உறவினர் ஒருவர் கண்டியில் வாங்கிய போன் நாலு மாதத்தில் பழுதானபோது, உத்தரவாதம் என்று சொன்ன கடைக்காரர் ‘அது மென்பொருளுக்கு மட்டும்’ என்று கைவிரித்தார். வாய்வார்த்தைக்குச் சாட்சி கிடையாது. முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு இருந்தால்தான் உங்கள் முறைப்பாடு பலமாக நிற்கும்.

பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பிள் 2020 இலும் சம்சுங் உயர் ரகங்களில் 2021 இலும் அதை நிறுத்தின. பிறகு இடைத்தர ரகங்களுக்கும் அது பரவியது. தரமான சார்ஜர், உறை, திரைப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றுக்குமான காசையும் போனின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கடையில் போனைக் கையில் எடுத்தவுடன் கெமராவைத் திறக்காதீர்கள். வெளியே வெயிலில் கொண்டுபோய் திரை தெரிகிறதா பாருங்கள். ஒரு கையால் பிடித்துப் பெருவிரல் எதுவரை போகிறது என்று பாருங்கள். ஒரு வினாத்தாளைத் திறந்து படுக்கையாகப் பிடித்து வாசியுங்கள். உங்கள் வீட்டில் எந்த சிம்முக்கு சிக்னல் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த நான்கிலும் தேறிய போன் 6.9 அங்குலமானாலும் சரி, 6.5 ஆனாலும் சரி, நீங்கள் கொடுத்த காசுக்கு அது உழைக்கும்.